ஆணி சொன்ன சாட்சி

போன வாரம் என் தங்கை கௌதமி வேலையை விட்டுவிட்டாள். சம்பளம் போதவில்லையா? இல்லை. மேனேஜர் திட்டினாரா? அதுவும் இல்லை. ஓர் ஆணி அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

சிரிக்காதீர்கள். எனக்கு வயிறு எரிகிறது.

கௌதமிக்கு பெங்களூரில் ஒரு ஃபேக்டரியில் பிரஸ் மெஷின் வேலை. எங்கள் சுரங்கக் குடியிருப்பான நந்திதுர்க்கிலிருந்து அவளோடு சேர்த்து மூன்று பெண்கள் அங்கே போகிறார்கள். விடியலில் ஒன்றாக ரயில் ஏறி, இருட்டியதும் ஒன்றாகத் திரும்பி வருவார்கள். சுரங்கத்தை மூடியதிலிருந்து கோலார் தங்கவயலின் பாதிப் பிழைப்பு அந்த ரயிலில்தானே ஓடுகிறது?

கொஞ்ச நாளைக்கு முன்னால் ஹெச்.ஆர். மேடம் வந்து எல்லோர் கழுத்திலும் ஒரு பேட்ஜை மாட்டினார். தீப்பெட்டி அளவு, மேலே நம்பர், உள்ளே சென்சார். யார் யாரோடு நெருங்கி நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் பேச்சுச் சத்தம் கேட்கிறது என்று அது குறித்துக்கொள்ளுமாம். ஊழியர்கள் தங்களுக்குள் சகஜமாகப் பேசிக்கொள்வதைப் பற்றி ஆராய்ச்சியாம்!

"சும்னே ஒந்து ஸ்டடி அஷ்டே. இதை வெச்சு யார் மேலயும் ஆக்‌ஷன் எடுக்க மாட்டோம்" என்று கன்னடமும் தமிழும் கலந்து சொன்னாராம் மேடம்.

சும்மா ஒரு ஸ்டடி மட்டும்தானாம்! எந்த ஸ்டடி சும்மா இருந்திருக்கிறது?

பிரஸ் மெஷின் முன்னால் கழுத்தில் கயிறு தொங்கலாமா? குனிந்தால் பேட்ஜ் உள்ளே போகும், பின்னாலேயே கழுத்தும் போகும். மூன்று பேரும் யோசிக்கவே இல்லை. லைனுக்குள் நுழையும் இடத்தில், டீ மெஷின் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி. அதில் பேட்ஜை மாட்டிவிட்டு வேலைக்குப் போனார்கள். சாயங்காலம் எடுத்து ஹெச்.ஆரில் கொடுத்தார்கள். தினமும் இப்படித்தான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் இந்தப் புத்தி வரும். சுரங்கத்தில் ஷிஃப்டுக்கு இறங்கும் ஆள், தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை மேலே பலகையில் மாட்டிவிட்டுத்தான் கீழே இறக்கும் கேஜ் லிஃப்டில் ஏறுவான். டோக்கன் தொங்கினால் ஆள் கீழே வேலையில் இருக்கிறான் என்று அர்த்தம். ஷிஃப்ட் முடிந்தும் ஒரு டோக்கன் தொங்கினால்... அவ்வளவுதான். அந்த ஆளைக் கண்டுபிடிக்கும்வரை ஒருத்தரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். எங்கள் அப்பா அப்படி இறங்கி ஏறியவர். நம்பர் போட்ட வில்லையைக் கொடுத்தால் எங்கள் கை தானாக ஆணியைத் தேடும்.

சென்சாருக்கு இதெல்லாம் தெரியுமா? மூன்று பேட்ஜும் ஒட்டிக்கொண்டு தொங்கின. டீ குடிக்க வந்தவர்கள் எல்லாம் அங்கே நின்று ஊர்வம்பு பேசினார்கள். வந்தது ரிப்போர்ட் — இந்த மூன்று பெண்களும் காலையிலிருந்து மாலைவரை டீ மெஷின் பக்கம் அரட்டை!

மேடம் கூப்பிட்டு விசாரித்தார். கௌதமி உள்ளதைச் சொன்னாள்.

"இன்னா மேடம் இது? நாங்க மெஷின்ல கீறோம், பேட்ஜ்தான் ஆணில தொங்குது. நாள் பூரா பேசிக்கினு இருந்தா அவ்ளோ பீஸ் எப்படி வரும்?"

"பேட்ஜை ஏன் கழட்டினீங்க? அதுவும் தப்புதானே?" என்றாராம் மேடம்.

பார்த்தீர்களா நியாயத்தை? கழுத்தில் இருந்தது என்றால் அரட்டை. கழற்றினேன் என்றால் விதிமீறல்.

உண்மையில் அவர்கள் பேசுவது ரயிலில். எந்த மெஷின் மக்கர் பண்ணுகிறது, யாருக்கு உடம்பு முடியவில்லை, யார் யாருக்குக் கைகொடுக்க வேண்டும் — ஃபேக்டரி வாசலை மிதிக்கும் முன்பே எல்லாம் முடிவாகிவிடும். அதனால்தான் உள்ளே வாயைத் திறக்காமல் வேலை பார்த்தார்கள். அந்த ரயிலுக்கு எவன் சென்சார் மாட்டினான்?

ஆக்‌ஷன் எடுக்க மாட்டோம் என்றவர்கள் மூன்று பேரையும் பிரித்து ஆளுக்கு ஒரு ஷிஃப்டில் போட்டார்கள். கௌதமிக்கு செகண்ட் ஷிஃப்ட். அது முடிந்து வெளியே வந்தால் ஊருக்கு ரயில் கிடையாது. பெங்களூரிலேயே ரூம் எடுத்துத் தங்கச் சொன்னார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளை ராத்திரியும் பகலும் விட்டுவிட்டு எப்படித் தங்குவாள்? அவள் ஒருத்தி சம்பாத்தியத்தில்தான் வீடே ஓடியது.

"கெஞ்சிக்கூடப் பார்த்துட்டேன்க்கா. மெஷின் பொய் சொல்லாதாம். நான்தான் சொல்றேனாம். இன்னாக்கா பண்றது?" என்று அழுதாள். எனக்கும் அழுகைதான் வந்தது. அழுது என்ன செய்ய?

செகண்ட் ஷிஃப்ட் தொடங்கும் முன்பே வேலையை விட்டவள், கடைசி நாள் பேட்ஜை ஆணியிலேயே விட்டுவிட்டு ரயில் ஏறிவிட்டாள். மறந்தா, வேண்டுமென்றா? நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஹெச்.ஆரிலிருந்து போன். கௌதமி அவசரமாக ஸ்பீக்கரில் போட்டாள். ஐயோ, மனசு மாறித் திரும்பக் கூப்பிடுகிறார்களோ... அவள் முகத்தில் அந்த ஆசை அப்பட்டமாகத் தெரிந்தது.

"கௌதமி, ஒரு பேட்ஜ் குறையுது. எங்கே?"

"ஆணில தொங்குது மேடம்."

"ஓ... ஓகே. தேங்க்ஸ்."

போன் கட்.

டோக்கன் தொங்கினால் ஆளைத் தேடிய ஊர் எங்கள் ஊர். இவர்கள் ஆளைத் தொலைத்துவிட்டு டோக்கனைத் தேடுகிறார்கள்!