பார்க்கக் கூடாத முகம்

நெல்லித்தோப்பில் வசிக்கும் நானும் என் தோழி வசந்தியும் பிரிட்ஜ் சீட்டுப் போட்டிகளுக்கு ஊர் ஊராகப் போய் ஜோடியாக ஆடுகிறவர்கள். சென்ற ஆண்டு சேலத்துக்குப் பஸ்ஸில் போய், அலுப்போடு நேரே ஆட உட்கார்ந்துவிட்டோம்.

ஒரு கட்டத்தில் வசந்தி வெகுநேரமாகச் சீட்டு இறக்கவில்லை. ஜோடி யோசிக்கும்போது முகத்தைப் பார்த்தால் ஜாடை வாங்குவதாகச் சொல்வார்கள். அதனால் வழக்கம்போல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, அவங்களுக்கு எப்படி வேர்க்குது பாருங்க!" என்று எதிரணிப் பெண் கத்திய பிறகே நிமிர்ந்தேன். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போட்டிருந்த வசந்தி காலையில் சாப்பிடவில்லை. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்ததும் தெளிந்தாள்.

"எதிராளி பாக்குறா, நீ பாக்க மாட்டியாடி?" என்றாள்.

இப்போது அவள் சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே ஆட உட்காருகிறேன். ஆட்டத்தில் அவள் தயங்கினால் முகத்தைப் பார்க்கிறேன். நடுவர் இரண்டு முறை கண்டித்துவிட்டார்.