தோணாவில் மிதந்த மீன்

யாருமே நம்பாத கதையொன்றை இன்று சத்தியம் செய்து சொல்கிறேன்.

கல்முனை பஸ்ஸில் ஒரு பிள்ளை, எங்கள் தோணா ஓடையின் தண்ணீரைப் போத்தலில் அடைத்துச் சோதனைக்குக் கொண்டுபோனாள்.

"மகள், எண்பதுகள்ல இதுல தோணியளவு மீன். நாங்க மீன் பிடிக்கல்ல, மீன்தான் எங்களைப் பிடிச்ச," என்றேன். சிரித்தாள்.

"வயலுக்கு மருந்தடிச்ச ஒரு நாள் எல்லாம் செத்து மிதந்திச்சி. அடுத்த வீட்டுக் காசிம் காக்கா, தொழுகைக்கு ஒழுவெடுக்கப் பாக்கிற மாதிரி தண்ணியப் பாத்தார். நிறம், மணம், ருசி ஒண்டும் மாறல்ல. 'தண்ணி சுத்தம், மீனும் ஹலால்' எண்டு அள்ளி வீட்ட கொண்டு போனார்."

"பிறகு, மாமா?"

"அதத் திண்ட அவர்ர ரெண்டு புள்ளைகளும் ஆஸ்பத்திரிக்குப் போன. ஒண்டுதான் திரும்பி வந்த."

போத்தலைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணாடிபோலத் தெளிவு.

தோணியளவு மீன் பொய்தான். கீழே கமெண்டில் வந்து திட்டுங்கள். சின்னதாக ஒன்று மட்டும் உண்மை: திரும்பி வராத பிள்ளைக்கு நாலு வயது.