மூன்று மாதம் சும்மா இருக்கத் தெரியாதவரை அம்மன் உட்கார வைத்தாள்

போன வருஷம் மாசி மாதம் என் வீட்டுக்காரருக்கு இடது மணிக்கட்டு போனது. அவருக்குக் கைதான் சோறு. கோல்ஃப் ஆடுகிறவர். பொழுதுபோக்குக்கு இல்லை, அதுதான் தொழில். பதினாலு வயதில் சென்னைக்குப் போய், ஒரு மைதானத்தில் பெரிய மனிதர்களின் மட்டைப் பையைச் சுமந்து, பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு, போட்டிகளில் ஆடும் அளவுக்கு வந்தவர். அன்றைக்கு ஒரு போட்டியில் புல்லுக்கு அடியில் மரத்து வேர் இருந்ததைப் பார்க்காமல் ஓங்கி அடித்திருக்கிறார். மட்டை வேரில் மோதி நின்றுவிட்டது, கை நிற்கவில்லை.

என் பெயர் ஜெயந்தி. பிறந்தது உறுவையாறு, வாக்கப்பட்டது பாகூர் பக்கம். அம்மனைக் கும்பிடுகிற உங்கள் முன்னால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நடுவில் அம்மன் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அதையும் மறைக்கப் போவதில்லை.

புதுச்சேரியில் எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். தசையை எலும்போடு சேர்க்கிற நார் பாதி கிழிந்திருக்கிறது என்றார். "மூணு மாசம் மட்டையைத் தொடக் கூடாது. மிச்சமும் கிழிஞ்சா ஆட்டத்தை மறந்துட வேண்டியதுதான். மண்வெட்டி கூட இறுக்கிப் பிடிக்க முடியாது" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அவரைப் பார்த்துப் பிரயோஜனமில்லை என்று டாக்டருக்கே தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

மூன்று மாதம். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! வீட்டில் வந்து உட்கார்ந்த மூன்றாம் நாளே எனக்குப் பைத்தியம் பிடித்தது. ஊர் ஒருபக்கம். பார்க்க வந்தவர்கள் எல்லாம் வைத்தியர்கள். ஒருவர் ஆட்டுக்கால் சூப் என்றார். ஒருவர் கையைப் பிடித்து நீவியே விட்டார், இவர் உயிர் போகிற மாதிரி கத்தினார். எதிர்வீட்டு அண்ணன் வந்து, "இன்னா ஆட்டம்பா அது, ஓடவும் மாட்டாங்களாம், முட்டவும் மாட்டாங்களாம், நடந்து போறதுல எப்படிடா கை ஒடையும்?" என்று சிரித்துவிட்டு, என் காபியையும் குடித்துவிட்டுப் போனார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இவரைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் பார்க்கும்போது மணிக்கட்டில் டாக்டர் கொடுத்த பட்டை போட்டிருப்பார். நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனால் பட்டை கட்டிலில் கிடக்கும், ஆள் இருக்கமாட்டார். ஒருநாள் விறகு பொறுக்கச் சவுக்குத் தோப்புக்குப் போனேன். சருகுக்குள்ளே வெள்ளை வெள்ளையாகப் பந்து. எண்ணினேன், பதினேழு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஏங்க, டாக்டர் தமிழ்லதான சொன்னாரு? இன்னா பண்றீங்க நீங்க?"

"மெதுவாதான்டி அடிச்சேன். கை மறந்துடும்டி. உனக்குப் புரியாது."

"கையே போயிட்டா எது மறந்தா இன்னா?"

சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் பயமும் எனக்குத் தெரியும். முப்பத்தாறு வயதாகிறது. வைகாசியில் சென்னையில் தகுதிச் சுற்று. அதில் தேறினால்தான் அந்த வருஷம் பெரிய போட்டிகளில் ஆட விடுவார்கள், தவறினால் ஒரு வருஷம் வெளியே. இந்த ஆட்டத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாத மனுஷன். எல்லாம் தெரிந்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பங்குனி முழுக்க இப்படியே போனது. வீக்கம் வடியும், அவர் தோப்புக்குப் போவார், மறுபடி வீங்கும். நானும் கத்தி, அழுது, சோறு போடாமல் இருந்து பார்த்தேன். பட்டினி கிடந்தது நான்தான், அவர் போட்டுச் சாப்பிட்டுவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்த் திரௌபதை அம்மன் முன்னால் போய் நின்றேன். சாந்தமாக எல்லாம் கும்பிடவில்லை. சண்டைக்குப் போகிற மாதிரிதான் போனேன். "தாயே, டாக்டர் சொன்னா கேக்கல, பொண்டாட்டி சொன்னா கேக்கல. என்னால முடியல. மூணு மாசம் கூட வாணாம், ஒன்றரை மாசம் இந்த ஆள் கையில மட்டை இல்லாம வெச்சிக் காட்டு. அப்பதான் நீ இருக்கறன்னு நான் நம்புவேன்." வாய் கொழுப்புதான். அழுகையில் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால், இவர் தானாகவே சொல்கிறார்: "ஜெயந்தி, இந்த வருஷம் நான் தீ மிதிக்கப் போறேன்."

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. கேட்டால் கணக்கு வெளியே வருகிறது. சித்திரை கடைசியில் காப்பு கட்டுகிறார்கள். பதினெட்டாம் நாள் தீமிதி. அது முடிந்து ஆறாம் நாள் தகுதிச் சுற்று. "டாக்டர் மனுஷன்டி. தீ மிதிச்சிட்டா அம்மா கையைச் சரி பண்ணிடுவா, நேரா போய் ஆடிடுவேன்." பக்தியைக் காட்டி என் வாயை அடைத்தார். அம்மனையே ஏய்க்கப் பார்க்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சாமி காரியத்தில் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

காப்பு என்றால் மஞ்சள் கயிறுதான். ஆனால் கட்டிவிட்டால் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஒருவேளைச் சோறு, பாயில் படுக்கை, பகலெல்லாம் கோயிலில் பாரதம் கேட்க வேண்டும். சாமி காரியம் தவிர வேறு வேலையில் கை வைக்கக் கூடாது. விரதம் கெட்டால் கால் சுட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. டாக்டருக்குப் பயப்படாதவர், எனக்குப் பயப்படாதவர், நெருப்புக்குப் பயந்தார். பட்டை கையிலேயே இருந்தது. தோப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

பதினாறாம் நாள் வந்தது வினை. கரகம் முதலில் எந்தத் தெருவில் நிற்பது என்று மேலத் தெருவுக்கும் கீழத் தெருவுக்கும் தகராறு. அதிகாரிகள் வந்து இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசினார்கள். பேச்சு முடியும்வரை தீமிதி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் என்றார்கள், ஒரு வாரம் ஆகப் போயும் முடியவில்லை. பேசினார்கள், டீ குடித்தார்கள், எழுந்து போனார்கள். ஒரு கரகம் நிற்கிற இடத்துக்கு இத்தனை பேச்சா!

காப்புக் கட்டினவர்கள் அத்தனை பேரும் ஊருக்குள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். ஒருவரின் தவளக்குப்பத்துக் கடை பூட்டியது பூட்டியபடி கிடந்தது. தகுதிச் சுற்றுக்கு மறுநாள் கிளம்ப வேண்டும் என்கிற நிலையில் இவர் கோயில் மதிலோரம் உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பதினைந்து வருஷக் குடித்தனத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எனக்குத் தாங்கவில்லை. இத்தனை நாள் அவரைப் போகாதே போகாதே என்று கத்தினவள், நேராகப் பூசாரியிடம் போனேன்.

"அண்ணா, காப்பை அவுத்து வுடுங்க. அவரு பொழப்பு போயிடும்."

"கட்டுன காப்பை நெருப்பு மிதிச்சிட்டுதான் அவுக்கணும்மா. நான் அவுக்க மாட்டேன்."

"நீங்களா சோறு போடுவீங்க?"

"நீ யாராண்ட கேட்டியோ, அவகிட்ட போய்ச் சொல்லு" என்று உள்ளே கையைக் காட்டினார். நான் அம்மனிடம் கேட்டது அவருக்குத் தெரியவே தெரியாது.

உள்ளே போனேன். "கையைக் காப்பாத்துன்னா ஊர்ச் சண்டையை இழுத்து வுடறியே, இது நியாயமா?" என்று கேட்கத்தான் போனேன். வாயைத் திறக்கும்போதுதான் உறைத்தது. நான் கேட்டது என்ன? ஒன்றரை மாதம் அவர் கையில் மட்டை இருக்கக் கூடாது. அதைத்தானே கொடுத்துக்கொண்டிருக்கிறாள்? நான் கேட்டதை அவள் கொடுக்க, வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க வந்து நிற்கிறேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பேச்சு ஒருவழியாக முடிந்து ஆனி மாதம்தான் தீமிதி நடந்தது. காப்புக் கட்டி ஐம்பத்து மூன்றாம் நாள். மிதித்து வந்தார், காலில் ஒரு கொப்புளம் இல்லை. மறுவாரம் டாக்டர் திரும்பப் படம் எடுத்தார். "இன்னா செஞ்சீங்க? நல்லா ஒட்டிக்கிச்சே. நீங்க சொன்ன அந்தத் தேதியில ஆடியிருந்தா மொத்தமா அறுந்திருக்கும்" என்றார். இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். எங்கே ஆரம்பித்து என்ன சொல்வது?

ஒரு வருஷம் போனது போனதுதான். அம்மன் அதைத் திருப்பித் தரவில்லை, நான் பொய் சொல்ல மாட்டேன். அவர் சிறு பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்துக் குடும்பம் ஓடியது. இந்த வருஷம் தகுதிச் சுற்றில் தேறினார். போன மாதம் ஒரு பெரிய போட்டி. இரண்டாம் நாள் மத்தியானம் போன் வந்தது.

"ஜெயந்தி, கை லேசா இழுக்குது. ஆட்டத்தை வுட்டுட்டேன். பஸ்ஸு ஏறிட்டேன்."

நான் அழுதுவிட்டேன்.

"ஏன்டி அழுவற? நல்லா ஆடிக்கினு இருந்தேன், போச்சேன்னா?"

"அதெல்லாம் இல்லீங்க. யாரும் சொல்லாம நீங்களா கெளம்பி வரீங்களே."

கைதான் சரியாகும் என்று நினைத்திருந்தேன். அந்த மனுஷனின் தலையையும் சரிசெய்து கொடுத்திருக்கிறாள். அது நான் கேட்காதது.

கஷ்டத்தில் இருக்கிறவர்கள் யாராக இருந்தாலும் அவளிடம் போங்கள். சாந்தமாகக் கேட்க வராவிட்டால் என்னைப் போலச் சண்டை போட்டாவது கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆனால் கேட்டுவிட்டு, எந்த வழியில் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குப் பாடம் நடத்தாதீர்கள். அன்றைக்கு என் பேச்சைக் கேட்டு அந்தப் பூசாரி காப்பை அவிழ்த்திருந்தால், என் புருஷன் கையை என் வாயாலேயே அறுத்திருப்பேன்.