படையலுக்கு வைத்த துவக்கு

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே போகலாம். கோழைகளைச் சமாதானப்படுத்த எனக்கு நேரமில்லை.

1994. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த மில்லிக்கனில் என் மகளின் வீடு. அவளுடைய மாமனார் தியாகலிங்கம், ஒரு பிறந்தநாள் விழாவில், நூறு பேருக்கு முன் வாயைக் கோணிக்கொண்டு கேட்டார்.

"சம்பந்தி, உங்கட அப்பு மலாயாவிலை துவக்குப் பிடிச்சவரோ? றெயிலுக்குக் கொடி பிடிச்சவரெண்டெல்லோ கேள்வி!"

எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய பரம்பரையில் கத்தரிக்காய் வெட்டக்கூட ஒருவன் கத்தி எடுத்ததில்லை. அப்பு என்று நாங்கள் கூப்பிடும் என் பாட்டனார் மலாயாவில் பிரிட்டிஷ் தொண்டர் படை வீரர். எங்கள் வீட்டில் குழந்தைக்கும் அது தெரியும்.

பார்க்டேலில் ஒரு பழம்பொருள் கடையில், அனுமதிப் பத்திரம் காட்டி, பிரிட்டிஷ் இராணுவத் துவக்கு ஒன்றை வாங்கினேன். குண்டேற்ற இழுத்துத் தள்ளும் போல்ட் துருவேறி இறுகிக் கிடந்தது. மூன்று மாதம் பேஸ்மென்ட்டில் இருந்து துருவை எடுத்தேன். உடைந்த சுருள்கம்பியை மாற்றினேன். மரப்பிடிக்கு எண்ணெய் பூசினேன். போல்ட் வெண்ணெயாக வழுக்கியது. குண்டு மட்டும் வாங்கவில்லை.

பாட்டனாரின் திவசத்தன்று அதன் பிடியில் சந்தனம் பூசி, படத்துக்கு முன் படையலோடு வைத்தேன். தியாகலிங்கத்தையும் கூப்பிட்டேன். பார்க்கட்டும்.

"அப்பு, உங்கட துவக்கு. எடுங்கோ" என்று உரக்கச் சொன்னேன். இறந்தவர் வந்து உண்ணட்டும் என்று, வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். உள்ளே யாருமில்லை.

பகல் 1.10.

1.14. உள்ளே... ஸ்ளக்.

போல்ட்டை இழுக்கும் சத்தம். மூன்று மாதம் கேட்ட சத்தம்.

"ஆர் உள்ளை?" தியாகலிங்கம் கதவிலிருந்து ஓரடி பின்வாங்கினார்.

"நீங்கள் சொன்ன கொடி பிடிச்சவர்" என்றேன்.

ஸ்ளக்... தள்ளும் சத்தம்.

1.16.

டிக்.

விசை.

கதவைத் திறந்தேன். சோறு அப்படியே இருந்தது. சுவரைப் பார்க்க வைத்த துவக்கு திரும்பியிருந்தது. அதன் வாய் கதவுப்பக்கம்... நான் நின்ற இடத்துக்கு நேராக.

பிடியில் பூசிய சந்தனத்தில் ஒரு கைத்தடம்.

பெருவிரல். மூன்று விரல்கள்.

சுட்டுவிரல் இல்லை.

தியாகலிங்கம் சப்பாத்துக்கூடப் போடாமல் ஓடினார். அதன்பின் சபையில் அவர் வாய் திறக்கவில்லை. மானம் மீண்டது என்று நடந்ததைக் கோலாலம்பூரில் இருக்கும் மூத்த அக்காவுக்கு எழுதினேன். பாட்டனாரோடு வளர்ந்தவர் அவர்தான்.

பதில் வந்தது.

"தம்பி, அப்பு ஒரு படையிலையும் இருக்கேல்லை. படைக்கு ஆள் பிடிக்க வந்த அண்டைக்குத் தன்ரை சுட்டுவிரலைத் தானே வெட்டிப்போட்டார். வெக்கத்திலை வீட்டிலை கதையை மாத்தினவை. சாகுமட்டும் ஒண்டைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: 'என்ரை கையிலை துவக்கைக் குடுக்கிறவனைத்தான் முதல் சுடுவன்.'"