கடல் பாசியும் குர்பானித் தோலும்

காலை ஐந்தே முக்காலுக்குச் சேதி வந்தது. குடியாத்தத்தில் எதிர்வீட்டுத் தறிகள் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. அந்த நேரத்தில் ஃபோன் அடித்தாலே பாரதிக்குப் பயம். இரண்டு வருடத்துக்கு முன் கணவன் சம்பத் போன சேதியும் ஒரு விடியலில்தான் வந்தது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு எடுத்தாள்.

"அக்கா, நாறிப்போச்சுக்கா! சிவந்து நாறிப்போச்சு!" ஆம்பூரிலிருந்து மெஹக் கத்தினாள்.

"எந்தத் துண்டுடி?"

"சாறு தடவாத துண்டுங்க எல்லாம். தடவினது அப்படியே வெள்ளையா இருக்கு!"

பாரதி பாயிலேயே எழுந்து நின்று குதித்தாள். அம்மா மீனாம்பாள் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"இன்னாடி ஆச்சு? யாருக்கு இன்னா?"

"ஆட்டுத் தோலு அழுகிடுச்சும்மா!"

"அதுக்கா குதிக்கிற? நல்லா இருக்கியா நீ?"

நாற்பத்து நான்கு வயதில், வேலூர்க் கல்லூரி ஒன்றில் தாவரவியல் நடத்தும் ஒருத்தி, தோல் அழுகியதற்காக ஏன் குதிக்க வேண்டும்?

பாரதி லுங்கி நெய்யும் வீட்டுப் பெண். அவளுக்குக் கடல்மேல் பித்து எப்படிப் பிடித்தது என்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. விடுமுறை விட்டால் மண்டபத்துக்கு ரயிலேறிவிடுவாள். கடல் உள்வாங்கும் நேரம் பார்த்துப் பாறையில் ஒட்டியிருக்கும் நீலப்பச்சைப் பாசியைச் சுரண்டி எடுப்பாள். முழங்கால் தண்ணீரில் சம்பத் குடை பிடித்து நிற்பான். "மத்தவங்க பொண்டாட்டி கடலுக்குப் போனா சிப்பி பொறுக்குறாங்க. என் பொண்டாட்டி வழுக்குறதைப் பொறுக்குறா" என்பான். சொன்ன வேகத்தில் அவனே வழுக்கி விழுவான்.

பாசி என்று சொன்னாலும் அது பாக்டீரியா வகை. தின்ன வருகிறதைக் கடிக்கவோ, எழுந்து ஓடவோ அதனால் முடியாது. ஆகவே தனக்குள்ளேயே ஏதேதோ ரசாயனங்களைச் செய்து வைத்துக்கொள்கிறது. அவற்றில் எது மனிதருக்கு மருந்தாகும், எது கிருமியை விரட்டும் என்று உலகெங்கும் பலர் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பாரதியும் தேடினாள். கடல்நீர்க் குடுவைகளில், டியூப்லைட் வெளிச்சத்தில், குளிரூட்டிய சின்ன அறையில் ஏழு வருடம் அதை வளர்த்தாள். எந்தெந்தக் கிருமிமேலோ சாற்றைவிட்டுப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை.

துறைத்தலைவர் பிரேம்நாத்துக்கும் பொறுமை போய்விட்டது. "கடலே இல்லாத ஊர்ல கடல் பாசி எதுக்கு மேடம்? ஏழு வருஷமா ஏசியில தூங்குது. காலேஜ் திறக்குறதுக்குள்ள உருப்படியா ஒண்ணு காட்டுங்க. இல்லன்னா குடுவையைக் கொதிக்கவச்சுக் கொட்டிட்டு ரூமைக் கம்ப்யூட்டருக்குக் குடுத்துடலாம்" என்றார்.

அப்போதுதான் மெஹக் ஒரு வழி சொன்னாள். அவள் பாரதியின் பழைய மாணவி, இப்போது ஆம்பூரில் தோல் பதனிடும் ஷெட் ஒன்றில் சோதனை அறை வேலை. உப்பு வைத்து அடுக்கிய தோலில் வெயில் காலத்தில் சிவப்புத் திட்டுகள் படரும். உப்பிலேயே சுகமாக வாழும் கிருமிகளின் வேலை அது.

"உப்புலயே வாழுதா? அப்ப உப்புத் தண்ணியிலயே பொழைக்கிற நம்மாளுக்கு அதை விரட்டத் தெரிஞ்சிருக்கும்டி" என்றாள் பாரதி.

மெஹக் ஆம்பூர்த் தோல் குடோன் ஒன்றிலிருந்து உப்புத் தோல் கொண்டுவந்தாள். பாதித் துண்டுகளில் பாசிச் சாறு தடவினார்கள், மீதியை வேறு தட்டில் சும்மா வைத்தார்கள். இரண்டு வாரம் கழித்துத் திறந்தபோது சாறு தடவியதில் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. இருவரும் கட்டிக்கொண்டார்கள். பிறகு மற்ற தட்டைத் திறந்தார்கள். அதிலும் இல்லை.

பிரேம்நாத் எட்டிப்பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். "இன்னா மேடம், இது லேபா, புடவை பீரோவா?"

அந்துருண்டை வாசனை! சிவப்பு வராமலிருக்க அந்தக் குடோன் உப்பில் அந்துருண்டைத் தூள் கலப்பார்கள். தோல் ஊரில் பிறந்த மெஹக் சின்னதிலிருந்து அந்த வாசனையில்தான் வளர்ந்தாள். பாரதியும் அப்படித்தான், பூச்சி அரிக்காமலிருக்க லுங்கிக் கட்டுகளுக்கு நடுவே அந்துருண்டை போட்ட வீடு. இரண்டு மூக்குக்கும் அது வாசனையாகவே படவில்லை.

"நம்ம ரெண்டு பேரையும் ஒரே கட்டுல கட்டி வைக்கணும்க்கா" என்று மெஹக் தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்துருண்டை படாத தோலுக்கு எங்கே போவது? பக்ரீத் வந்தது. குர்பானியாக அறுக்கும் ஆட்டின் தோலை மெஹக்கின் அப்பா சர்தார் பாஷா வருடாவருடம் மதரசாவுக்குக் கொடுப்பவர். பாரதி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"விக்கத்தாம்மா கூடாது. குடுக்கலாம்" என்றார் அவர். "அதுவும் படிப்புக்கு, இதுவும் படிப்புக்கு. ஆனா ஒண்ணு, இருந்து பிரியாணி சாப்ட்டுத்தான் போவணும்."

முற்றத்தில் வெறும் கல்லுப்பை அவரே கைநிறைய அள்ளித் தோலில் தேய்த்தார். மெஹக் குனிந்து முகர்ந்து பார்த்தாள். "உப்புதாம்மா, பயப்படாதே" என்று சிரித்தார். வெட்டி, பாதிக்கு மட்டும் சாறு தடவிய துண்டுகள் மெஹக்கின் சோதனை அறையில், வெக்கையான மூலையில் பதினைந்து நாள் கிடந்தன.

விடியலில் வந்த ஃபோன் அந்த மூலையிலிருந்துதான். பாரதி தலைகூடச் சரியாக வாராமல் பஸ் பிடித்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது மெஹக் இரு தட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள். ஒன்றில் குங்குமம் கொட்டியது போலத் திட்டுத்திட்டாகச் சிவப்பு. மற்றது முதல் நாள் போலவே இருந்தது. பாரதி சிவந்த தட்டையே வெகுநேரம் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பத் இருந்திருந்தால் இதற்கும் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்திருப்பான் என்று நினைத்தாள். நினைத்ததும் சிரிப்பும் வந்துவிட்டது.

மதியம் தட்டுகள் வேலூர் போயின. பிரேம்நாத் முதலில் முகர்ந்தார். நாற்றம் தாங்காமல் ஜன்னலைத் திறந்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரே ஒரு ஆட்டுத் தோலு மேடம். இன்னும் பல தோல்ல பாக்கணும். சாத்துல எந்தப் பொருள் இந்த வேலையைச் செய்யுதுன்னு பிரிக்கணும்."

"பிரிக்கலாம் சார். ரூம்?"

"ரூம் உங்களுக்குத்தான். கம்ப்யூட்டர் மேல்மாடிக்குப் போகட்டும்." வாசல்வரை போனவர் திரும்பினார். "எல்லாத்தையும் இங்கயே வைக்காதீங்க. கரண்ட் போய் ஏசி நின்னா மொத்தமும் போச்சு. ஒரு குடுவையை ஆம்பூர்ல வைங்க."

"எங்க ஷெட்ல ஒரு அலமாரித் தட்டைக் காலி பண்ணிடுறேன் சார், வெள்ளிக்கிழமைக்குள்ள" என்றாள் மெஹக்.

மூன்று வெள்ளிக்கிழமை போய்விட்டது. குடுவை வேலூரில் தயாராக இருக்கிறது. ஆம்பூரில் அந்த அலமாரித் தட்டு நிறைய இன்னும் ஷூ மாதிரிகள்தான், அதுவும் இடதுகால் மட்டும்.