காலி இன்ஹேலர்

எனக்கு இழுப்பு இருப்பது வீட்டில் நான்கு பேருக்குத்தான் தெரியும். ஐந்தாவது ஆளுக்குத் தெரிந்தால் அக்காவின் கல்யாணம் நின்றுவிடும் என்பது அம்மாவின் கணக்கு. வேங்கிக்காலிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வரப்போகிறவர்கள் காதில் விழுந்துவிடுமாம். "ஒருத்திக்கு இருந்தா குடும்பத்துக்கே இருக்குதுனு சொல்லுவாங்க. ஸ்கூல்ல வாயத் தெறக்காத" என்று சொல்லி, என் இன்ஹேலரைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டாள். மூச்சு முட்டுவதாக இருந்தால் வீட்டுக்கு வந்துதான் முட்ட வேண்டும்.

அந்த நேரம் பார்த்து எங்கள் பள்ளிக்கு ஒரு நர்சம்மா வந்தார். ஆஸ்துமா பற்றிப் பெரியவர்கள் சொன்னால் பிள்ளைகள் காதில் ஏறாது, பிள்ளைகளே சொன்னால் ஏறும் என்பது அவர் கட்சி. ஒன்பதாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிற சிலரைப் பொறுக்கி முதலில் எங்களுக்குப் பழக்கினார். குலுக்கு, மூச்சை வெளியே விடு, அழுத்திக்கொண்டே மெதுவாக இழு, பத்து எண்ணும்வரை அடக்கு. நான் மட்டும் முதல் தடவையிலேயே பிசகில்லாமல் செய்துவிட்டேன். "எவ்ளோ சீக்கிரம் கத்துக்கிச்சி பாருங்க இந்தப் பொண்ணு!" என்று வியந்தார். அடுத்த தடவை வேண்டுமென்றே குலுக்க மறந்தேன்.

எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் முறை எனக்கு வந்தது பௌர்ணமிக்கு மறுநாள். பள்ளி கிரிவலப் பாதையை ஒட்டி இருந்தது. அன்னதானம் சாப்பிட்டுப் போட்ட தட்டுகளையும் கப்புகளையும் காலையில் கூட்டிக் குவித்துக் கொளுத்துவார்கள். அந்தப் புகை ஜன்னல் வழியாக வந்து வகுப்பில் உட்கார்ந்துகொள்ளும். தான் இருந்தால் பிள்ளைகள் பேசமாட்டார்கள் என்று டீச்சர் வெளியே போய்விட்டார். "ஆஸ்துமா இருக்கறதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. மறைக்கவே கூடாது" என்று மனப்பாடம் செய்ததைக் கணீரென்று ஒப்பித்தேன். அடுத்த வரிக்கு மூச்சு வரவில்லை.

நெஞ்சுக்குள் விசில் கேட்டது. செத்துப்போய்விடுவேன் என்று பயந்தேன். அதைவிட, இவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்தேன். "இப்பிடித்தான்... இழுப்பு வரும்... பாருங்க" என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். கையிலிருந்த இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினேன். அது பழகுவதற்குக் கொடுத்த காலி டப்பா. தெரிந்தும் மறுபடி அழுத்தினேன். "அக்கா சூப்பரா நடிக்கறாங்கடி" என்று யாரோ ஒருத்தி சிரித்தாள். மேஜையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

கடைசி பெஞ்சிலிருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து ஓடிவந்தாள். புத்தகப் பையின் அடியிலிருந்து தன் இன்ஹேலரை எடுத்துக் குலுக்கி என் கையில் திணித்தாள். "மெதுவா இழுங்கக்கா" என்றாள். இழுத்தேன். அவளே பத்து எண்ணினாள். இன்னொரு தடவை. கொஞ்ச நேரத்தில் மூச்சு வழிக்கு வந்தது.

வகுப்பே அவளைப் பார்த்தது. "ஏய், உனக்கு இழுப்பா? சொல்லவே இல்ல?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆமா, இருக்குது" என்று சொல்லிவிட்டு அவள் என் முகத்தைப் பார்த்தாள். நானும் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. "பாத்தீங்களா, இப்பிடித்தான் ஒதவி பண்ணணும்" என்று வகுப்பைப் பார்த்துச் சொல்லி, இன்ஹேலரைத் திருப்பிக் கொடுத்தேன். எல்லோரும் எனக்குக் கைதட்டினார்கள்.

தப்பித்த நிம்மதியோடு அன்று வீட்டுக்கு நடந்தேன். நான் சொன்னதை அப்படியே நம்பி இத்தனை பேர் முன்னால் மாட்டிக்கொண்டாளே, பாவம் என்று வழி நெடுக அவளுக்காகத்தான் வருத்தப்பட்டேன்.