திரும்பி வரும் வள்ளம்

ஈர வலையின் மணமும் மண்ணெண்ணெய் வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் போதும், குருநகர்க் கரையோடு ஒரு நிகழ்தகவுக் கணக்கும் எனக்கு ஞாபகம் வந்துவிடும். போரால் கடலுக்குப் போகத் தடையும் பயமும் இருந்த தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அப்படியும் அப்பாவும் அண்ணையும் தொழிலுக்குப் போனார்கள், ஆனால் ஒரே வள்ளத்தில் போனதில்லை. "ஒரு வீட்டு ஆம்பிளையள் ஒரு வள்ளத்திலை ஏறப்படாது" என்பது எங்கள் வீட்டில் மாலைச் செபம்போல மாறாத வழக்கம்.

ஓலைக்கொட்டில் "ரியூட்டரி"யில் எங்களுக்குக் கணக்குப் படிப்பித்த மாஸ்டர், காசு சுண்டுவதும் பந்து எடுப்பதும் அலுத்துப்போய், ஒருநாள் புதுக் கணக்கொன்று போட்டார்: இரண்டு வள்ளங்கள் கடலுக்குப் போகின்றன, ஒவ்வொன்றும் கரை திரும்பும் நிகழ்தகவு ஐந்தில் நான்கு, ஒரு வள்ளம் திரும்பும் நிகழ்தகவு என்ன? அச்சுவேலித் தோட்டக்கார வீட்டுப் பிள்ளையான என் சிநேகிதி, ஒன்று வந்து மற்றது வராமல் போவதை மட்டும் எடுத்து, இருபத்தைந்தில் எட்டு என்றாள். "ஒண்டெண்டால் ஒண்டுதானே" என்பது அவள் கட்சி. ஒன்றாவது வந்து சேரட்டும் என்றுதானே ஆட்களைப் பிரித்து ஏற்றுகிறோம், இரண்டும் வந்தால் வேண்டாமென்பார்களா என்று நான் இருபத்தைந்தில் இருபத்துநான்கு என்பதில் பிடிவாதமாக நின்றேன். மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "கேள்வியை நான்தான் வடிவாய்க் கேக்கேல்லைப் பிள்ளையள், நாளைக்குப் பாப்பம்."

மறுநாள் விடிய அப்பாவின் வள்ளம் வந்தது, அண்ணையின் வள்ளம் வரவில்லை. வெயில் ஏறியும் அம்மா கரையை விட்டு அசையவில்லை. பயத்தை மறக்க நான் கணக்கை வாய்க்குள் முணுமுணுத்தேன்.

"என்னடி புலம்புறாய்?"

கணக்கைச் சொன்னேன். ஒன்று வந்தாலே சரி என்பதுதான் என் விடை என்றும் சொன்னேன். அவள் கடலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

"மற்றதிலை ஆரடி போனது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

பாய் கிழிந்த வள்ளத்தைத் துடுப்பால் வலித்துக்கொண்டு அண்ணை வந்துசேர மத்தியானம் ஆயிற்று. அம்மா, வெயிலில் எப்போதோ காய்ந்துவிட்ட அவர் தலையைச் சேலைத் தலைப்பால் துவட்டிக்கொண்டே இருந்தாள்.

அந்த ஓலைக்கொட்டில் இன்றில்லை, அம்மாவும் இல்லை, எங்கள் வீட்டில் கடலுக்குப் போவாரும் இல்லை. நானும் கணக்கு ரீச்சராகிவிட்டேன். "ஒன்று மட்டும்", "குறைந்தது ஒன்று" என்று சண்டைக்கு இடமில்லாமல்தான் கேள்வி எழுதுகிறேன். ஆனால் வள்ளங்களைக் கணக்கில் விடுவதில்லை. காசைத்தான் சுண்டச் சொல்கிறேன். காசு எந்தப் பக்கம் விழுந்தாலும், அதற்காகக் கரையில் ஒருவரும் காத்து நிற்பதில்லை.